இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்

டாட்ஜ்பாலை யாராவது வீடியோ கேமாக உருப்படியாகச் செய்திருக்கிறார்களா என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்லும் பெயர் 'நாக்கவுட் சிட்டி'. 2021 மே 21 அன்று வெளிவந்தது. செய்தது நியூயார்க் மாநிலத்தில் டிராய் நகரத்து வேலன் ஸ்டூடியோஸ். வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். வேலனைத் தொடங்கியவர்கள் குகா பாலா, கார்த்திக் பாலா என்ற சகோதரர்கள். கம்பெனிக்கும் முருகன் பெயர், தொடங்கிய இருவருக்கும் முருகன் பெயர். பள்ளியில் படிக்கும்போதே விகேரியஸ் விஷன்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்து, பிற்பாடு அதை ஆக்டிவிஷனுக்கு விற்று, பல வருடம் அங்கேயே இருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள். தொழில் கைவந்தவர்கள் செய்தது என்பது முதல் எறியிலேயே தெரிந்துவிடும். இந்த விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பாராட்டுதான். ஒவ்வொரு பாராட்டும் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் வருத்தம்.

டாட்ஜ்பால் அமெரிக்கப் பள்ளிக்கூடத்து விளையாட்டு. உடற்பயிற்சி வகுப்பில் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து, நடுவில் ஒரு கோடு போட்டு, பந்துகளைக் கொடுத்துவிடுவார்கள். எறிந்த பந்து மேலே பட்டால் அவுட். எறிந்ததை எதிராளி பிடித்துவிட்டால் எறிந்தவர் அவுட். ஓடத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிடக் குஷியான வகுப்பு இல்லை. ஓட முடியாத பிள்ளை முதல் நிமிஷத்திலேயே அடிவாங்கி ஓரமாகப் போய் உட்காரும். யாருக்கு ஓட்டமும் பயிற்சியும் அதிகம் வேண்டுமோ, அவருக்கே அது கிடைக்காது. அங்குள்ள உடற்கல்வி ஆசிரியர்களின் அமைப்பான ஷேப் அமெரிக்கா, டாட்ஜ்பால் வகுப்புக்கு உகந்ததல்ல என்று 2017இல் வெளிப்படையாகவே சொன்னது.

நாக்கவுட் சிட்டி இந்தக் கொடுமையை ஒரே விதியில் தீர்த்தது. மூன்று பேருக்கு மூன்று பேர் மோதுவார்கள். ஒருவர் ஓர் அடி தாங்குவார். இரண்டாவது பட்டால் விழுவார், சில நொடிகளில் மறுபடி களத்துக்கு வந்துவிடுவார். எதிரணியை முதலில் பத்து முறை வீழ்த்தும் அணிக்கு அந்தச் சுற்று. மூன்றில் இரண்டு சுற்று எடுத்தால் ஆட்டம். ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளை என்று யாரும் கிடையாது.

விளையாட்டின் உயிர் பிடிப்பதில் இருக்கிறது. துப்பாக்கி விளையாட்டில் எதிராளி சுட்ட குண்டை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. விலகலாம், இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளலாம். இங்கே எறியும் ஒவ்வொரு பந்தும் எதிராளி கைக்கு ஆயுதமாகப் போய்ச் சேரக்கூடும். அதனால் வெறுங்கையோடு நிற்பவரிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒருவர் உங்களைக் குறிவைத்ததும் உங்கள் திரையின் ஓரம் சிவக்கும். பந்து வந்து சேரும் கணத்தில் பிடிக்கும் பட்டனை அழுத்த வேண்டும். முந்தி அழுத்தினால் கை வீணாக மூடித் திறந்துவிடும், பந்து மேலே படும். பிந்தினாலும் அதே கதி. எறிகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். பட்டனை அழுத்திப் பிடித்து வேகம் ஏற்றுவார். எறிவதுபோல் கையை மட்டும் வீசுவார். நீங்கள் பதறிப்போய் வெறுங்காற்றைப் பிடித்த அடுத்த நொடி நிஜப் பந்தை விடுவார். உடம்பைச் சுழற்றி எறிந்தால் பந்து வளைந்து தூணைச் சுற்றிக்கொண்டு வரும். குட்டிக்கரணம் போட்டு எறிந்தால் சுவருக்கு மேலே எழும்பி உச்சந்தலையில் இறங்கும். அதையும் பிடித்துத் திருப்பி எறிந்தால் இன்னும் வேகமாகப் போகும். அவர் பிடித்து எறிந்தால் இன்னும் வேகமாக வரும். நாலைந்து தடவை இப்படிப் போய்வந்துவிட்டால், பார்த்து யோசித்துப் பிடிக்க நேரமே இருக்காது. விரல் தானாக முடிவெடுக்கும்.

குறிபார்க்கும் வேலையை விளையாட்டே செய்துவிடுகிறது. பார்வைக்கு நேரே இருப்பவர்மேல் குறி தானாகப் பூட்டிக்கொள்ளும். வருடக்கணக்காக மவுஸைப் பிடித்துக் கை தேர்ந்தவருக்கும், நேற்றுக் கன்ட்ரோலரைத் தொட்டவருக்கும் குறியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் நேரத்திலும் எதிராளியின் மனசைப் படிப்பதிலும்தான். கூட்டாளிக்குப் பந்தைத் தள்ளினால் அது முழு வேகம் ஏறிக்கொண்டு போய்ச் சேரும். பந்தே கிடைக்கவில்லை என்றால் நீங்களே சுருண்டு பந்தாகிவிடலாம். கூட்டாளி உங்களைத் தூக்கி எறிவார், பட்டவர் ஒரே அடியில் விழுவார். முழுக்க நம்பி உடம்பை ஒப்படைப்பதை இவ்வளவு எளிமையாக விதியாக்கிய இன்னொரு விளையாட்டை நான் ஆடியதில்லை.

இத்தனையும் மனதாரச் சொல்லும் பாராட்டு. இதே காரணங்களால்தான் புதிதாக வந்தவருக்கு அங்கே இடமில்லாமல் போனது என்பது என் எண்ணம். துப்பாக்கி விளையாட்டில் தோற்றவருக்குச் சொல்லிக்கொள்ளக் காரணம் இருக்கும். குறி தவறியது, அவனிடம் நல்ல துப்பாக்கி இருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நாக்கவுட் சிட்டி அந்தக் காரணங்களை எல்லாம் நேர்மையாகத் துடைத்துவிட்டது. குறி எல்லோருக்கும் ஒன்று, பந்து எல்லோருக்கும் ஒன்று. தோற்றால், எதிரே நின்றவர் உங்கள் மனசைப் படித்துவிட்டார், நீங்கள் அவர் மனசைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஏமாற்று எறிக்கு அடுத்தடுத்து ஏமாந்து, ஒவ்வொரு தடவையும் பந்து வருமுன்பே கையை மூடி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தவருக்கு அந்த உண்மை பத்து நிமிஷத்தில் பலமுறை முகத்துக்கு நேரே சொல்லப்படும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாவது ஒரு தடவை அவுட்டாகிவிட்டு ஓரமாகப் போய் மூச்சுவிடும். இங்கே ஓரம் இல்லை. அதனால் அவர் விளையாட்டையே அழித்துவிட்டுப் போனார்.

போனவர்கள் போக மிஞ்சியவர்கள் தேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு வந்தவர் நேராக அவர்கள் கையில் மாட்டினார். ஆள் குறையக் குறைய, சமமானவரைத் தேடி ஜோடி சேர்க்கவும் வழியில்லை. களத்திலிருந்து அகற்றிய கொடுமை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. தோற்கிறவரை அவ்வப்போது கொஞ்சம் அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கவிடும் சோம்பலான வடிவமைப்பு ஒன்று இதில் இருந்திருந்தால், நான் இதை இவ்வளவு மதித்திருக்கமாட்டேன். இன்னும் நிறையப் பேர் ஆடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பிடிப்பதை இணையத்துக்குக் கொண்டுவந்தது இன்னொரு சாதனை. இரண்டு பேர் இரண்டு ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எறிந்தவர் திரையில் பந்து பட்டுவிட்டது. பிடித்தவர் திரையில் அவர் சரியான நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டார். யார் கண்டது உண்மை? சுடுகிற விளையாட்டுகள் பலவும் சுட்டவர் திரையில் தெரிந்ததையே ஏற்றுக்கொள்ளும். சுடப்பட்டவர் சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாவார், முணுமுணுத்துவிட்டு மறுபடி ஆடுவார். பிடிப்பதையே உயிராக வைத்த ஆட்டத்தில் அப்படித் தீர்ப்புச் சொன்னால், ஆட்டமே செத்துவிடும். வேலன்காரர்கள் கடையில் கிடைக்கும் எஞ்சினை எடுக்காமல் சொந்தமாகவே ஒன்றைக் கட்டினார்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் என்று எதில் ஆடுபவரும் முதல் நாளிலிருந்தே ஒரே களத்தில் மோத முடிந்தது. நான் பிடித்த பந்து என் கையில்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்று விளையாட்டு சொன்னபோது தப்பு என்னுடையது என்று எனக்கே தெரிந்தது.

இந்தத் திறமை முழுவதும் வேறு வேறு ஊரில் இருப்பவர்களைச் சேர்ப்பதற்குப் போய்விட்டது. ஒரே வீட்டில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆட வழி இல்லை. திரையைப் பிரித்துக் கொடுக்கும் வசதியே வைக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் எதிரெதிரே முகம் பார்த்து ஆடும் விளையாட்டுக்கு இப்படி ஒரு விதி!

அந்த வழி பழைய டாட்ஜ்பால் விளையாட்டு ஒன்றில் இருந்தது. டெக்னோஸ் ஜப்பான் கம்பெனி 1987இல் 'சூப்பர் டாட்ஜ்பால்' என்ற விளையாட்டை முதலில் ஆர்கேட் மெஷினுக்குச் செய்தது, பிறகு நின்டெண்டோவின் பழைய 8 பிட் பெட்டிக்கும் கொண்டுவந்தது. நாடுகளின் அணிகள் மோதும். அதில் இந்திய அணியும் உண்டு. ஓடிவந்து சரியான காலடியில் எறிந்தால் பந்து விசித்திரமாக உருமாறிப் பாயும். நுட்பத்தில் நாக்கவுட் சிட்டியின் பக்கத்தில் அது நிற்க முடியாது. அந்தப் பெட்டி ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் வரைய இயலாதது. ஆட்கள் ஒரே வரிசைக்கு வந்துவிட்டால் உருவங்கள் மினுக்கும், பாதி உடம்பு காணாமல் போகும். ஆனால் ஒரு கேட்ரிட்ஜும் இரண்டு கன்ட்ரோலரும் இருந்தால் இரண்டு பேர் ஆடலாம். பழைய பெட்டியில் அந்தக் கேட்ரிட்ஜைச் செருகினால் இன்றைக்கும் ஓடும். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நாக்கவுட் சிட்டிக்குள் இருந்த கடையைப் பற்றியும் நல்லதாகவே சொல்ல வேண்டும். வெளிவந்தபோது விளையாட்டின் விலை 20 டாலர். உள்ளே ஹோலோபக்ஸ் என்ற காசு கொடுத்து வாங்கும் சரக்கு எதுவும் எறியும் கைக்குப் பலம் சேர்க்கவில்லை. உடை, கையுறை, வெற்றிக்குப் பிறகு காட்டும் போஸ் என்று எல்லாம் அலங்காரம்தான். என்ன வரும் என்று தெரியாமல் பணம் போட்டுத் திறக்கும் சூதாட்டப் பெட்டி இருக்கவில்லை. இவ்வளவு நாணயமாக நடந்த கடையை இந்தத் தொழிலில் அதிகம் பார்க்க முடியாது. ஆனால் மாதாமாதம் சர்வர் ஓடவும் சம்பளம் கொடுக்கவும் பணம் அந்தக் கடையிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. ஒரு பந்தும் எதிரே ஓர் ஆளும் போதும் என்கிற அளவுக்கு ஆட்டத்தை முழுமையாகச் செய்துவிட்ட பிறகு, அதை அதிகம் நேசித்தவருக்குக் கடைப் பக்கம் போகக் காரணமே இருக்கவில்லை. சீசனுக்குச் சீசன் புதுப் பந்து வந்தது, புது இடம் வந்தது. எனக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. முதல் நாளிலேயே எல்லாம் இருந்தது.

வெளிவந்த சில வாரங்களுக்குள் 50 லட்சம் பேர் ஆடியதாக அறிவித்தார்கள். 2022 ஜூன் 1 அன்று விலையை எடுத்துவிட்டு இலவசமாக்கினார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விலகி, வேலனே வெளியீட்டாளர் ஆனது. 2023 பிப்ரவரியில் மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. புதியவர்களை ஈர்க்கவும் தங்கவைக்கவும் அடிப்படையிலேயே பெரிய மாற்றம் வேண்டும், சர்வரை நடத்திக்கொண்டே அதைச் செய்ய எங்களைப் போன்ற சின்ன ஸ்டூடியோவால் முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். ஜூன் 6 அன்று சர்வரை நிறுத்தினார்கள். இரண்டு வருடம், பதினாறு நாள்.

அதோடு அவர்கள் செய்த ஒரு காரியத்துக்கு நான் கைகூப்புகிறேன். மூடும்போது, கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் தாங்களே சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும் பதிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். மறு வருடம் 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் தன்னுடைய 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டை நிறுத்தியபோது, வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில்தான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் பிறந்தது. மூடினாலும் ஆட வழி விட்டுவிட்டு மூடுங்கள் என்பது அதன் கோரிக்கை. யாரும் கேட்காமலே, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலே வேலன் அதைச் செய்திருந்தது. தொழிலில் இருக்கும் பெரிய கம்பெனிகளால் முடியாது என்று சொல்லப்பட்டதைச் சின்ன கம்பெனி செய்து காட்டியது.

செய்ய முடியும் என்று காட்டிவிட்டதால்தான் கேட்கத் தோன்றுகிறது. ஆடுபவர் தன் வீட்டிலேயே சர்வர் வைத்து, தெரிந்த ஐந்து பேரைக் கூப்பிட்டு ஆடும் வழி 2023 ஜூனில் சாத்தியம் என்றால், 2021 மேயில் ஏன் இல்லை? புதிதாகக் கற்கும் ஒருவர் தேர்ந்த அந்நியர்களிடம் மாட்டாமல், தன் அளவுக்குத் தெரிந்த நண்பர்களோடு தப்பும் தவறுமாகப் பிடித்துப் பழகியிருப்பார். பந்தயம், தரவரிசை, ஏமாற்றுக்காரரைப் பிடிப்பது இவற்றுக்கெல்லாம் கம்பெனியின் சர்வர் வேண்டும் என்பார்கள், அது நியாயமே. அதைத் தனியாக நடத்தியிருக்கலாம். காசு கொடுத்து வாங்கியவருக்கு விளையாட்டைச் சொந்தமாக்குவதை, விற்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நாள்வரை தள்ளிப்போட்டார்கள். அந்த நாளிலும் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஸ்விட்சிலும் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் 20 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கு அது இல்லை.