பதினொன்றரைப் பவுன் நோயாளி

எங்கள் வீட்டுக் கிளிக்கும் அப்பாவுக்கும் 2023 நவம்பர் 19 முதல் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா நம்மை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்திய நேரத்தில், சிங்காரம் கூண்டுக்குள் உட்கார்ந்து உற்சாகமாக விசிலடித்துக்கொண்டிருந்தான். அவனைப் போன்ற காக்கட்டீல் கிளிக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியா என்று எந்தப் புண்ணியவானோ அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருந்தான். "தின்றது நம்ம வீட்டுத் தினை, அடிக்கிறது அவனுக்கு விசில்!" என்று டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்த்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கிளி ஜோசியருக்கும் அதே சட்டம்தான்.

சிங்காரத்தின் சிம்மாசனம், ஓடாத ஃபேனின் இறக்கை. மே மாதத்தில் ஒரு சாயங்காலம், கோடை இடிக்குப் பயந்து போன கரண்ட், அவன் மேலே உட்கார்ந்து காலால் கொண்டையைச் சொறிந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்தது. தடுமாறி எழுந்தவனை ஃபேன் சுவரில் வீசியது. இடது றெக்கை தொங்கிவிட்டது.

"ரிட்டயர்டு ஹர்ட்" என்றார் அப்பா. சொன்ன வேகத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடியவரும் அவர்தான்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு ராட்வெய்லர், பின்னால் ஒரு ஆடு. நடுவில் செருப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்பா. "என்ன சார் பிரீட்?" என்று ராட்வெய்லர்காரர் கேட்டார். "ஆஸ்திரேலியன்" என்றார் அப்பா. குரலில் லேசாகப் பெருமை தட்டியதோ என்று எனக்குச் சந்தேகம்.

எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல். டாக்டர் றெக்கையை மடக்கி, எட்டு போட்ட மாதிரி கட்டுப்போட்டார். கட்டு நெஞ்சை இறுக்கக் கூடாதாம். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. எலும்பு கூட மூன்று வாரம் ஆகலாம். சத்தம் கூடாது, ஃபேன் கூடாது, அறை 30 டிகிரியில் இருக்கட்டும் என்றார். சென்னையில் மே மாதத்தில் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குத்தான் செலவாகும். நோயாளி சுகமாக இருந்தான். நாங்கள் விசிறிமட்டையோடு வியர்வையில் நனைந்தோம்.

கிளிகள் உடம்பு சரியில்லாததை வெளியே காட்டாது. காட்டினால் காட்டில் வேறொன்றுக்கு உணவாகிவிடும். அதனால் தினமும் எடை போடச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் 92 கிராம். அம்மா மனசுக்குள் எட்டால் வகுத்து, "பதினொன்றரைப் பவுன்" என்றாள். அது 84-க்கு இறங்கியதும் வீட்டில் திருட்டுப் போன அலறல். "ஏங்க, ஒரு பவுன் குறைஞ்சிடுச்சுங்க!"

விஷயம் பரவியது. "புத்தூர் கட்டு போட்டீங்களா?" என்றார் மாமா. சித்தி போனிலேயே மஞ்சள் பத்துக்குச் செய்முறை சொன்னாள். நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகம் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும் என்று அப்பா எங்கோ படித்துவிட்டு வந்து (இது உண்மை), அம்மாவின் புது தோசைத் தவாவைப் பரணுக்கு அனுப்பினார். பழைய இரும்புக் கல் இறங்கியது. தோசை முன்னைவிட நன்றாக வந்தது என்பதை அம்மா எதிரில் யாரும் சொல்லவில்லை.

வலி மருந்து கொடுப்பதும் அப்பா வேலையாகிவிட்டது. பூத்துண்டில் சுற்றி, அலகின் ஓரமாக சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சிங்காரம் கொண்டையை அழுத்திப் படியவைத்துக்கொண்டு (கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்) விரலைப் பதம் பார்ப்பான். "விடு, ஸ்லெட்ஜிங் அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்று அப்பா டெட்டாலைத் தேடிப் போவார்.

அடிபடுவதற்கு முன்பு குக்கர் விசிலை அப்படியே அடிப்பான். அம்மாவின் கணக்கு தினமும் குழம்பும். கட்டு போட்டபின் சத்தமே இல்லை. சமையல் பிசகாமல் நடந்தது, அது எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒருநாள் காலை மூன்று விசில் கேட்டு அம்மா அடுப்பை அணைத்தாள். திறந்தால் அரிசி அரிசியாகவே கிடந்தது. அந்த நறுக்கரிசிச் சோற்றை அப்பா மோர் விட்டு, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கட்டு அவிழ்த்தபின் சிங்காரம் தத்தித் தத்திப் பறந்து, இறங்குதளமாக அப்பாவின் வழுக்கையைத் தேர்ந்தெடுத்தான். அவன் எழும்வரை அவர் கழுத்தைத் திருப்புவதில்லை. ஹாலில் இனி ஃபேனே வேண்டாம் என்று முடிவெடுத்து, கடைக்குப் போய் ஏசிக்கு முன்பணமும் கட்டிவிட்டார். அம்மா கல்யாணமான நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கும் ஏசி அது.

ரசீதை வாங்கிப் பார்த்த அம்மா சொன்னாள்: "நானும் அன்னைக்கே ஃபேன் மேல ஏறி உட்கார்ந்திருக்கணும்."