தயிரும் டயரும்: லகுகலக் காட்டோர வெடிப்பு ஒன்றின் மீதான பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுக் களம்

கல்முனையிலிருந்து எல்ல பார்க்கப் புறப்பட்ட ஹையேஸ் வேன் ஒன்றின் பின்பக்க இடது டயர், பொத்துவிலில் சாச்சி வீட்டுத் தேத்தண்ணி முடிந்த கையோடு, லகுகலக் காட்டோரம், லுஹருக்குச் சற்று முன் வெடித்தது. களம் ஏ4 நெடுஞ்சாலை. கொழும்பில் தொடங்கி மட்டக்களப்பில் முடியும் அந்த 430 கிலோமீற்றரில், யானை கடக்கும் இடமாகப் பார்த்து வெடித்ததே இந்நிகழ்வின் தனிச்சிறப்பு.

மேல்நாட்டார் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் பொருத்திய வண்டியில் ஊர் சுற்றுவார்கள். நாம் அடுப்பையும் சட்டியையும் ஏற்றிக்கொள்வோம். கட்டிலுக்குப் பதில் ஒருவர் தோளில் ஒருவர் உறங்குவோம். 14 இருக்கைக்கு 19 பேர். மடியில் இருந்த நால்வரை ஆய்வு நெறி கருதி எண்ணவில்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

காற்றடைத்த டயருக்கு 1845 இல் காப்புரிமை பெற்றவர் தொம்சன். உலகம் அதை மறந்தபின், தன் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக மறுபடியும் கண்டுபிடித்து, 1888 இல் காப்புரிமை பெற்றவர் டன்லொப். பேர் டன்லொப்புக்கே நிலைத்தது. முந்தியவர் எழுதியதைப் படிக்காமலே பெரிய ஆளாகலாம் என்பதற்கு நம் துறையினர் இன்றுவரை போற்றிவரும் சான்று இது.

3. சொல்லாய்வு

'டயர்' ஆங்கிலச் சொல் என்று நம்புவோர் உளர். அவர்கள்பால் எமக்கு இரக்கமே உண்டு. அது 'தயிர்' என்பதன் திரிபு.

சான்றுகள் வருமாறு. ரப்பர் மரத்தில் வடிவதைப் பால் என்கிறோம். அதை எடுப்பதைப் பால் வெட்டுதல் என்கிறோம். மாட்டுப் பால் உறை ஊற்றினால் உறையும். ரப்பர் பால் அமிலம் ஊற்றினால் உறையும். பால் உறைந்தால் தயிர் என்பதை மூத்தம்மாமார் எவரும் மறுத்ததில்லை. மேலும், இரண்டும் வட்டம். இரண்டும் தெருவோரம் அடுக்கி விற்கப்படுபவை. எருமைத் தயிர்ச் சட்டியைக் கயிறு கட்டித் தூக்குகிறோம். பழைய டயரைக் கயிறு கட்டி ஊஞ்சலாக்குகிறோம். இரண்டுக்கும் வெயில் ஆகாது.

தகரம் டகரமானது எங்ஙனம்? 'சட்டித் தயிர்' என்பதை நூறு தரம் வேகமாகச் சொன்னால் 'சட்டிட் டயிர்' என வரும் (மச்சான், தேத்தண்ணிக் கடை வாய்மொழி, இரண்டாம் மிடறு). இகரம் எங்கே போயிற்று? காற்றோடு போயிற்று. இதே மச்சான் மறுநாள் இக்கருத்தை மறுத்தமை எமக்குத் தெரியும் (மச்சான், மேலது, மறுநாட் பதிப்பு, சீனி குறைந்த கோப்பை, பாடபேதம்: "நான் எப்ப சொன்னன்?"). மூல ஆசிரியரை விட அவரது உரையாசிரியனே அதிகம் அறிவான் என்பது துறையின் மரபு ஆதலால், அம்மறுப்பைத் தள்ளினோம்.

ரப்பர் கன்று ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு வந்ததே 1876 இல்தான், தயிரோ அதற்கு எத்தனையோ காலம் முந்தியது என்று சிலர் மடக்குவர். அதைத்தான் நாமும் சொல்கிறோம்: மூத்தது தயிர்.

இம்முறை எம் சொந்தச் சரக்கன்று. ஊர்ப்பெயர் ஆய்வாளரிடம் இரவல் வாங்கியது. ஒரு கல்லும் ஒரு முனையும் அகப்பட்டால் அவர்கள் ஓர் அரச வம்சத்தையே கொண்டுவந்து குடியேற்றுகிறார்கள். எமக்கு ஒரு டயரைத் தயிராக்க உரிமை இல்லையா?

4. வகைப்பாடு

அ. சத்தத்தோடு வெடிப்பது.
ஆ. சத்தமில்லாமல் இறங்குவது. இது வெடிப்பன்று, துரோகம்.
இ. மாமி சொன்னதை மெய்ப்பிக்க வெடிப்பது.

5. காரணவியல்

மாமி கோட்பாடு: கண்ணூறு. பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'மாஷா அல்லாஹ்' போன மழையில் உரிந்ததே வினை (மாமி, முன்னிருக்கைப் பேருரை, அக்கரைப்பற்றுக்கு முந்திய பதிப்பு, அதே ஆசிரியர், வெடிப்புக்குப் பிந்திய பதிப்பு, "நான் அப்பவே சொன்னன்" எனும் புதிய முன்னுரையும், மருமகனைப் பற்றிய மூன்று பின்னிணைப்புகளும் சேர்ந்தது).

சாரதி கோட்பாடு: ரோட்டு.

பௌதிகக் கோட்பாடு: காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நெளியும். நெளிய நெளியச் சூடேறும். பாரமும் வேகமும் வெயிலும் கூடினால் உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் ரப்பரை விட்டுப் பிரியும். கண்ணூறு போட்டவர் யாரென்று இது சொல்லாததால் வேனுக்குள் எடுபடவில்லை.

துணைக்குறிப்பு: காற்றே இல்லாத, வெடிக்கவே தெரியாத திண்ம டயர்களைச் செய்து ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று. அவை பாரந்தூக்கி வண்டிகளுக்கு. வெடிப்பவை நமக்கு.

6. மூலபாட ஆய்வு

வெடித்த டயரின் பக்கவாட்டில் 1813 என்ற இலக்கம் காணப்பட்டது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரான சாச்சா, கண்டி இராச்சியம் வீழ்வதற்கு இரண்டு வருடம் முந்தியது என்று காலம் கணித்தார். பிறகு டயர் கடைப் பொடியன் வாசித்துக் காட்டினான்: 2013 ஆம் ஆண்டின் 18 ஆம் வாரத் தயாரிப்பு. சாச்சாவின் கணிப்பை விடப் புதியது. ஆனால் எங்கள் கடைக்குட்டியை விட மூத்தது. அவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதிவிட்டான்.

7. செயல்முறை

வெடித்ததும் 18 பேரும் "பிரேக் அடி!" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். சாரதித் தம்பி அதை நிராகரித்தான். ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து, எக்ஸலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேனைத் தானாக ஓயவிட்டு, பிறகே ஓரம் கட்டினான். பெரும்பான்மையை மீறியதால் எல்லோரும் பிழைத்தோம்.

அடுத்து, முன் சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஜக்கை ஏற்றுமுன் ஆறு நட்டையும் கொஞ்சம் தளர்த்தினான். ஸ்பெயார் வீல் வேனின் அடிவயிற்றில் இருந்தது. அதை எடுக்க, மேலே இருந்த புரியாணிச் சட்டி முதல் மாமியின் தலையணை வரை இறக்கினோம். யானை வந்தால் என்ன செய்வது என்பது குறித்து நான்கு கட்சிகள் உருவாகின. எதிரெதிர் நட்டாக முறுக்கிப் பூட்டி, ஜக்கை இறக்கினான். வேனும் இறங்கியது. ஸ்பெயார் வீலும் இறங்கியது. அதற்குள்ளும் காற்று இல்லை.

அப்போது பொத்துவில் போக வந்த நெல் லொறியின் சாரதி நிறுத்தி, சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, கேட்டார்:

"வெளிக்கிடக்குள்ள காத்துப் பாத்தயா தம்பி?"

துறையின் மொத்த இலக்கியமும் இவ்வளவுதான் என்பதை ஒப்புக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆனபடியால் இக்கட்டுரை.

8. முடிவுரை

இதை விரித்து நூலாக்கி, அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை மூன்றும் பெற்று, முதற் பிரதியை ஒரு டயர் கடை முதலாளியின் கையில் கொடுக்க உத்தேசம். அதுவரை வாசகர் காத்திருக்கத் தேவையில்லை. ட்ரிப் போகும் அன்று விடியற்காலை, டயர் சூடேறுமுன், நாலு டயருக்கும் காற்றுப் பாருங்கள். ஐந்தாவதற்கும்.