குருளைத் துயிலியல்: நாடுகாணி உரை

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்ற ஒரே பெயரைச் சூட்டுகிறது. குட்டி என்றாலும் பறழ் என்றாலும் குற்றமில்லை என்று விட்டும் கொடுக்கிறது. நாயையும் புலியையும் தொல்காப்பியர் எதற்காக ஒரே கூடையில் போட்டார் என்று மாணவப் பருவத்தில் நாம் வியந்ததுண்டு. நாடுகாணியில் இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றை வாங்கி முதல் இரவைக் கழித்ததும் ஐயம் தீர்ந்தது. நள்ளிரவு ஒரு மணிக்கு இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது.

முதலில் ஆய்வுக்களம். கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் என்று போகும். மற்றது சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் சேரும். மலைமேல் நின்று கீழ்நாட்டைக் காணும் இடம், ஆகவே நாடுகாணி என்பது ஊரார் தரும் பெயர் விளக்கம். பகலில் நாடு தெரிகிறதோ இல்லையோ, இரவில் சுரமேறும் லாரி கியர் மாற்றுவது நன்றாகக் கேட்கும். நம் ஆய்வுப்பொருள் ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியே பதில் சொன்னது.

அது பிறந்தது ஒரு டீக்கடையின் பின்புறம். கடைக்காரச் சேட்டன் மலையாளத்தில் “பட்டிக்குட்டி வேணோ?” என்றார். பட்டி என்றால் நமக்குத் தொழுவம் அல்லது சிற்றூர், அவருக்கு நாய். ஊரையே குட்டியாகத் தருகிறார் என்று நினைத்துச் சரி என்றோம். சத்தத்தை வைத்துப் பார்த்தால் பொருளில் பெரிய பிழையில்லை. பையன் அதற்கு டைகர் என்று பெயர் வைத்தான். மரபியலைப் படிக்காமலே மரபியலுக்கு வந்து சேர்ந்தவன் அவன்.

இந்த ஊரில் கொஞ்சுவதற்கென்று நாய் வாங்குவோர் குறைவு. சிறுத்தை வந்தால் சொல்ல வேண்டும், பலாப்பழக் காலத்தில் யானை வந்தால் சொல்ல வேண்டும், அதற்குத்தான் நாய். ஆக, இரவில் விழித்திருக்கவென்றே வாங்கிய பிராணியை இரவில் தூங்கப் பழக்குவது நம் ஆய்வின் நோக்கம் ஆகிறது. இம்முரணை ஆய்வு நெறியாளராகிய எம் வீட்டம்மா முதல் நாளே சுட்டிக்காட்டினார். அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டோம்.

இனி நூல்.

“மாலை ஓடும், யாமம் அழும், வைகறை நனைக்கும்.”

என்னுதலிற்றோ எனின், குருளையின் சிறுபொழுதும் அதற்குரிய தொழிலும் உணர்த்துதல் நுதலிற்று. யாத்தவரும் உரைகாரரும் நாமே என்பதால் பாடபேதம் இல்லை.

மாலை என்பது முல்லைக்குரிய பொழுது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், பொறுமையாகக் காத்திருத்தல். நம் குட்டி ஏழு மணிக்குக் காதைப் பின்னுக்குத் தள்ளி, பின்பாகத்தைத் தாழ்த்தி, அடுப்படிக்கும் முன்கதவுக்கும் இடையே எட்டுப் போடத் தொடங்கும். மேலைநாட்டார் இதை ‘சூமீஸ்’ என்பர். எங்கள் வீட்டு வரிசையில் “பேய் புடிச்சிருச்சு” என்பர், இரண்டாவதே துல்லியமானது. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் களைத்துப்போய்த் தூங்கும் என்று எண்ணி மூன்று நாள் பந்து எறிந்தோம். களைத்தது நம் தோள்பட்டைதான். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரத் தூக்கம் வேண்டும். மாலை ஓட்டம் பல நேரம் தெம்பின் அடையாளம் அல்ல, தூக்கம் தப்பியதன் அடையாளம். கல்யாண மண்டபத்தில் இரவு பதினொரு மணிக்கு நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. விளக்கைக் குறைத்து, கடிக்க ஒரு பழைய துணி முடிச்சைக் கொடுத்து, பேசாமல் உட்கார்ந்திருந்தால் கால் மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. பேசாமல் உட்காரத்தான் வீட்டில் ஆளில்லை.

யாமம் குறிஞ்சிக்குரியது. நிலம் குறிஞ்சி, பொழுது யாமம், ஆக இலக்கணம் பொருந்தி வருகிறது. ஆனால் குறிஞ்சியின் உரிப்பொருள் கூடல். குட்டி செய்ததோ இரங்கல். அது நெய்தலுக்கு உரியது, கடல் கோழிக்கோட்டில் இருக்கிறது. சுரமேறி இங்கே வந்து இரங்குவானேன்? திணைமயக்கம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆயினும் நேற்றுவரை உடன்பிறந்தவற்றோடு தாய் வயிற்றின்மேல் குவியலாய்க் கிடந்த உயிர், முதன்முறையாகத் தன் உடம்புச் சூட்டில் மட்டும் கிடக்கிறது. அதிலும் ஆடி மழையில், துவைத்த துணி நாலு நாளாகியும் காயாத ஊரில்.

இவ்விடத்தில் ஆசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதவைச் சாத்திவிடு, அழுது ஓயும் என்பது ஒரு சாரார் கொள்கை. தனி பங்களாவில் இருந்து எழுதியவர்கள் போலும். நம் வீட்டுச் சுவர் மூன்று வீட்டுக்குப் பொது. துண்டில் கடிகாரத்தைச் சுற்றி வை, தாயின் இதயம் என்று எண்ணிக்கொள்ளும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. வளர்ந்த நாயின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை துடிக்கும். சுவர்க்கடிகார முள் 60 முறை நகரும். எட்டுக் குட்டி போட்டு டீக்கடைப் பின்புறம் குடித்தனம் நடத்தும் தாய்க்கு அவ்வளவு நிதானமா என்று குட்டியே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பழைய அலாரக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். யாரோ எப்போதோ வைத்த அலாரம் நாலு மணிக்கு அடித்தது. அன்று வரிசை முழுவதும் சீக்கிரம் வேலைக்குப் போனது.

மூன்றாம் கொள்கை பக்கத்து வீட்டு அப்பாயியுடையது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிச் சீமையிலிருந்து வந்தவர்களுள் ஒருவர். அப்படி வந்தவர்களுக்காகவே அரசு 1968இல் தொடங்கி, பின்னால் டேன்டீ என்று ஆன தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். நம் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, லயத்துல ஒரே காம்பராவுல நாங்க ஏழு பேரு படுத்தோம். ஒரு புள்ளையும் ராவுல அழுவல. நீங்க அத தனியா போட்டுட்டு, அழுவுது அழுவுதுன்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க” என்றார். அன்றே குட்டி படுக்கும் பெட்டி அடுப்படியிலிருந்து நம் கட்டிலருகே வந்தது. டீக்கடையிலிருந்து தாய் படுத்த சாக்கு ஒரு துண்டும் வந்தது. கையைத் தொங்கவிட்டுப் படுத்தோம். விரல் நனைந்தது, அழுகை நின்றது. பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை பெட்டியை ஒரு சாண் கதவுப் பக்கம் நகர்த்தினோம். பண்டிதர்கள் இதற்கு நீளமான பெயர் ஏதும் வைத்திருக்கலாம். அப்பாயி வைக்கவில்லை.

வைகறைக்கு வருவோம். மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே குட்டி அடக்கக்கூடிய மணிக் கணக்கு என்பது நாய் வளர்ப்போர் வாய்பாடு. இரண்டு மாதத்துக்கு மூன்று மணி. பத்துக்குப் படுத்தால் ஒரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. வெளியே கூட்டிப்போய் வா என்று சமவெளியார் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இங்கே வெளி என்பது தேயிலைச் செடிக்கு நடுவே இருட்டு. நாயைத் தூக்குவதில் சிறுத்தை தனி ஆர்வமுடையது. ஆகவே ஒருவர் டார்ச், ஒருவர் குடை, பையன் தட்டும் கரண்டியும். இத்தனை பரிவாரத்தோடு வாசற்படியில் இறக்கினால், மழையை முகர்ந்துவிட்டுக் குட்டி திரும்பி உள்ளே வந்து, பாயில் முடித்துக்கொள்ளும். வைகறைக்குரிய திணை மருதம், அதன் உரிப்பொருள் ஊடல். அது குட்டிக்கும் நமக்கும் இடையே நிகழ்ந்ததன்று. இன்று யார் முறை என்பதில் நிகழ்ந்தது.

நாற்பதாம் நாள் அளவில் டைகர் பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தது. தூக்கத்தில் இமை துடிக்கும். நாலு காலும் காற்றில் ஓடும். தூங்கும் மனிதரின் இமைக்குள் விழி ஓடுவதை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். நாய்க்கும் அதுவே. மாலை ஓட்டத்தின் மிச்சத்தை அங்கே ஓடித் தீர்க்கிறது என்பது நம் துணிபு.

போன வாரம் ஓர் இரவு வரிசையின் எல்லா நாயும் ஒரே நேரத்தில் கத்தின. தகரம் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து பெட்டிக்குள் டார்ச் அடித்தோம். டைகர் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. விடிந்ததும் குழாயடிச் சேற்றில் பதிந்திருந்த தடத்தைக் காட்டி அப்பாயி சொன்னார்: “நல்லா தூங்கப் பழக்கிட்டீங்க தம்பி. இனி காவலுக்கு ஒண்ணு பாருங்க.”