ஷூ தேடினாலும் கணக்கில் சேரும்

கேள்வி: வேலை, சமையல், இரண்டு பிள்ளைகள். உடற்பயிற்சிக்கு நேரமே இல்லையே, என்ன செய்ய?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அதையும் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் ஆச்சு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே, வேன்காரர் ஹாரன் அடித்தபிறகு காணாமல்போன ஒற்றை ஷூவுக்காக மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறீர்களே, அதுவும் சேர்த்தி. (பிள்ளையே ஓடித் தேடினால் அது அவன் கணக்கு.)

மிதமான உழைப்பு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடந்துகொண்டே பிள்ளையைத் திட்ட முடிகிறதா? வேகம் சரி. டியூஷன் வாசலில் ஸ்கூட்டியில் சாய்ந்து போன் பார்க்கும் நேரம் இருக்கிறதல்லவா, அப்போது இறங்கித் தெருவைச் சுற்றுங்கள். தசைகளுக்கும் வாரம் இரண்டு நாள் வேலை வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்படிச் சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம்.

அதுசரி, வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? மாலையில் பிள்ளைகள் இரண்டையும் அவரிடம் விட்டுவிட்டு நடக்கக் கிளம்புங்கள். நீங்கள் திரும்புவதற்குள் அவருக்கும் உடற்பயிற்சி முடிந்திருக்கும்.