முக்காலி மாப்பிள்ளை

என் சகலையின் ஜிப்ஸியில் ஏறுவதற்கு முக்காலி வேண்டும். மாமியார் செம்பருத்தி பறிக்க வைத்திருந்த முக்காலி அது. இப்போது வண்டியிலேயே குடியிருக்கிறது. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு அதை எடுத்து உள்ளே கொடுக்க ஒருவர் கீழே நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். கடைசியில் நான் எப்படி ஏறுவது என்பதைப் பற்றி இதுவரை யாரும் யோசித்ததில்லை.

கோயம்புத்தூரில் இந்த ரக மனிதர் பேட்டைக்கு ஒருவராவது தென்படுவார். லேத் பட்டறை இல்லாத சந்தே கிடையாது என்கிற ஊரில், நல்ல நிலையில் இருக்கிற வண்டியைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கத்தான் செய்யும். சகலைக்கு வங்கியில் வேலை. வேலை நாளெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை. லீவு நாளில் காலை எட்டு மணிக்கு மேல் அவரிடம் பேச வேண்டுமானால் வண்டிக்கு அடியில் குனிந்து, வெளியே நீட்டியிருக்கும் இரண்டு பாதங்களிடம்தான் பேச வேண்டும். பாதங்கள் பதில் சொல்லும்.

ராணுவம் கழித்து ஏலம் விட்ட ஜிப்ஸி அது. மாருதி 1985-இல் கொண்டுவந்த அந்த வண்டிக்குக் கடைசிவரை நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங்தான். தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம். ராணுவம் அதை வைத்துக்கொண்டு மலையெல்லாம் ஏறியது. சகலைக்கு அது போதவில்லை. அச்சுக்குக் கீழே கிடந்த ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றி உட்கார வைத்தார். வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் எழுந்து நின்றது. தெருவே வந்து பார்த்தது. மாமனார் மட்டும், “மாப்ள, சாமி தேர் மாதிரி இருக்குதுங்க” என்றார். அதைச் சகலை பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தேருக்கு வடம் பிடிக்க ஆள் இருக்கிறது. இதற்கு ஸ்டியரிங் அல்லவா இருக்கிறது? சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அது என்ன சிக்கல் என்பதை நான் ஒரு கல்யாணப் பந்தியில் கற்றுக்கொண்டேன்.

அவிநாசி சாலை மண்டபம், இரண்டாம் பந்தி. சகலை என் இலையிலிருந்து முருங்கைக்காயை எடுத்தார். அவர் இலையில் சாம்பார் இன்னும் விழவில்லை.

“ஏனுங்க சகலை, இந்த ஜாங்கிரிதான் ஸ்டியரிங் பாக்ஸ். சேஸிஸ்ல உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் இந்த வடை, அது சக்கரம். ரெண்டுக்கும் நடுவுல முருங்கக்காய். இதுதான் டிராக் லிங்க். கம்பெனி குடுத்தப்ப படுத்த மாதிரி கெடந்துச்சு. இப்ப நாம சேஸிஸைத் தூக்கிட்டோம்.”

ஜாங்கிரி, கவிழ்த்த டம்ளரின் மேல் ஏறியது. முருங்கைக்காய் சரிந்தது.

“இப்பச் சக்கரம் ஒரு மேட்டுல ஏறுது.” வடையை உயர்த்தினார். சரிந்திருந்த முருங்கைக்காய் மட்டத்துக்கு வந்து, வடையைப் பக்கவாட்டில் நெட்டியது. “பாத்தீங்களா? நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல. அதுவா திரும்புது. இதுக்குப் பேருதான் பம்ப் ஸ்டியர். மூணடிக் கம்பியில ஒரு மொனைய அஞ்சு இன்ச் தூக்குனா எட்டு டிகிரி சாயும். அப்பறம் சக்கரம் ஒரு இன்ச் குதிச்சாலே கம்பி மூணரை மில்லிமீட்டர் தள்ளும்.”

சாம்பார் வாளியோடு வந்த தம்பி, “அண்ணா, முருங்கக்காய் இன்னொண்ணு வெக்கட்டுங்களா?” என்றான்.

“வைங்க தம்பி. டை ராடுக்கு ஆகும்.”

பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு தாழும் இல்லையா, அப்போதும் இதே கதைதான். சகலை பிரேக்கை மிதிப்பார், ஜிப்ஸி ஒரு பக்கம் ஒதுங்கும். நேர்ச் சாலையில் போகும்போது ஸ்டியரிங் சக்கரம் பத்தரை மணி காட்டும். அறுபதைத் தாண்டினால் சாமி வந்ததுபோல ஆடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கொழுந்தியாள் கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிடுவாள். “அது ஒரு ஃபீல்” என்பார் சகலை.

ஃபீலைக் குறைக்க மருந்துகள் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. கம்பி போகிற வழியில் ஸ்பிரிங் வந்து உட்கார்ந்துவிட்டதால், இசட் எழுத்துபோல வளைத்த கம்பியைப் போட்டார். நேர்க்கம்பி தள்ளினால் அப்படியே தள்ளும். வளைந்த கம்பியோ கொஞ்சம் வில்லாக வளைந்து யோசித்துவிட்டுத்தான் தள்ளும். அடுத்து, பாக்ஸிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்மை மாற்றி, இன்னும் கீழே இறங்கி வரும் நீளமான கையைப் போட்டார். கம்பி மட்டத்துக்கு வந்தது. ஆனால் கை தாழத் தாழ, பாக்ஸின் ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும் பலமும் கூடும். பாக்ஸை முடுக்கியிருந்த சேஸிஸில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் விட்டது. அதற்கு ஒரு பட்டைத் தகடு. ஐந்து அங்குலம் தூக்கியதற்கு இதுவரை ஆன செலவு கொழுந்தியாளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் எனக்கு அடிக்கடி டீ வாங்கித் தருகிறார்.

பட்டறை மிஸ்திரி பொறுமைசாலி. ஒரே ஒருமுறை மறுத்துப் பார்த்திருக்கிறேன். நீளம் போதாத டிராக் லிங்க்கை வெட்டி நடுவில் துண்டு வைத்து வெல்டு அடிக்கச் சொன்னார் சகலை. மிஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “ஸ்டியரிங் சாமான்ல நான் வெல்டு வெக்கறதில்லீங்ணா. ஒடிஞ்சா நீங்க மட்டும் போகமாட்டீங்க, எதுக்கால வர்றவனும் சேந்து போவான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “தூக்காமயே இருந்திருக்கலாமுங்ணா” என்றார். சகலை முகம் வாடிவிட்டது. ‘ஆத்தாளைக் கும்பிடாமயே இருந்திருக்கலாம்’ என்று கோயில் வாசலில் சொன்னால் எப்படி வாடுமோ அப்படி.

சட்டமும் மிஸ்திரி கட்சிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றிக்கொள்ள விடுவதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. இதற்குச் சகலை கண்ட வழி வேறு. பழைய சாமான்கள் அத்தனையும் எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டிய வாரத்தில் அவை வெளியே வரும். ஜிப்ஸி ஐந்து அங்குலம் அடக்கமாகி, ஒழுங்காக ஓடும். அந்த ஒரு வாரம் மாமியார் முக்காலி இல்லாமல் கோயிலுக்குப் போய் வருவார். சகலைக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்காது.

இவ்வளவுக்கும் அந்த வண்டி காடு மேடு எதையும் பெரிதாகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு மலைப் பயணத்தின்போதும் அது பட்டறையில் இருக்கும். போன மாதம் வால்பாறைக்கு என் சின்னக் காரில்தான் போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. பின் இருக்கையில் முழங்காலை நெஞ்சில் வைத்து உட்கார்ந்திருந்த சகலை, நாலாவது வளைவிலேயே பேச்சை நிறுத்திவிட்டார். ஆறாவதில் கண்ணை மூடிக்கொண்டார். வாந்தி வருகிறதோ என்று பயந்தேன்.

“சகலை, வலப்பக்கம் ஒரு ‘டொக்’ கேக்குதுங்க.”

எனக்குக் கேட்கவில்லை. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தினோம். எல்லோரும் வரையாடு பார்க்கப் போனார்கள். சகலை துண்டை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். “எஞ்சினை அமத்திட்டு, ஸ்டியரிங்கை எடமும் வலமும் லேசா ஆட்டுங்க. லேசா.” ஆட்டினேன். கீழே அவர் கை, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் எண்டின் மேல், வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இருந்தது. சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பாதங்கள் பேசின: “ரப்பர் கிழிஞ்சிருக்கு. கிரீஸ் பூராம் போயி, மண்ணு புகுந்து, குண்டு ஆடுது. மெதுவா ரெண்டாவது கியர்லயே திரும்பிருவோம்.”

வால்பாறை பார்க்காமலே இறங்கினோம். யாரும் முணுமுணுக்கவில்லை. பொள்ளாச்சிப் பட்டறையில் கழற்றிக் காட்டியபோது அந்தக் குண்டு, கிழவர் பல் மாதிரி விரலுக்கே ஆடியது. மாமனார் அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மருமகனையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையைச் சகலை ஏழு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

புதுச் சாமான் போட்டு வண்டி கீழே இறங்கியது. நான் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சகலை என் காரின் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு விரல்தான் போகுதுங்க சகலை” என்றார், மென்மையாக. “ஒரே ஒரு இன்ச்சு...”

நான் பதில் சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் டிக்கியைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து வந்த மாமியார், ஒன்றும் பேசாமல், காலியான இடத்தில் முக்காலியை வைத்துவிட்டுப் போனார்.