எண்ணிவிட்டு அடியுங்கள்!

வாசகர், மன்னார்குடி: நெல் நட்டு இருபது நாள். இலைகள் சுருண்டு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. பக்கத்து வயல்காரர் மருந்தடித்துவிட்டார். நானும் அடிக்கவா?

அவர் வயலை அவர் பார்த்தார். உங்கள் வயலை நீங்கள் பாருங்கள். இது இலைச்சுருட்டுப் புழு. பத்து இடத்தில் நின்று இலைகளை எண்ணுங்கள். நூற்றுக்குப் பத்து இலை சேதமானால்தான் மருந்து. தூர் கட்டும் பருவத்தில் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கண்ணாடி இலை வந்த பிறகு அந்தத் தெம்பு இருக்காது; அப்போது நூற்றுக்கு ஐந்தைத் தாண்ட விடாதீர்கள்.

வாசகி, ஆடுதுறை: நாற்றங்காலில் இலை நுனி சுருண்டு காய்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லையே?

கண்ணில் படாதது கையில் படும். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நாற்றின்மேல் 12 முறை வீசித் தடவுங்கள். கையில் ஒட்டிய சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சிதான் இலைப்பேன். 60-ஐத் தாண்டினால் நடவடிக்கை தேவை. நாற்று மூழ்கும்படி இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.

வாசகர், பெரம்பலூர்: மக்காச்சோளக் குருத்தில் புழு. படைப்புழுதானா என்று எப்படி உறுதி செய்வது?

தலையில் தலைகீழ் 'ஒய்', வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி. இரண்டும் இருந்தால் 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த அதே ஆள்தான். முளைத்த முதல் வாரத்திலிருந்தே வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடி பாருங்கள். ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் கிடைத்தால் விரலால் நசுக்குங்கள்; நூறு புழு அங்கேயே முடிந்தது. புழு பெருத்துவிட்டால் மரத்தூள் போன்ற அதன் எச்சமே குருத்தை அடைத்து, மருந்தை உள்ளே விடாது.

வாசகர், திருவாரூர்: வயல் முழுக்கச் சிலந்தி. கெடுதலா?

கூலி கேட்காத காவலாளிகள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் பூச்சி வந்தாலே மருந்தை யோசிக்கவேண்டும். சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம்.

வாசகர், சீர்காழி: பூச்சி வருமுன்னே அடித்துவைத்தால் பாதுகாப்புதானே?

பாதுகாப்பு புகையானுக்குத்தான். அதன் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே திரியும் சிலந்தியும் வண்டும் முதலில் சாகின்றன. காவலில்லாத வயலில் முட்டை பொரிகிறது. இந்தோனேசியா இதை நொந்து கற்றது. 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை அந்த அரசு தடை செய்தது.

வாசகி, குத்தாலம்: நடுக்குருத்து காய்ந்திருக்கிறது, இழுத்தால் கையோடு வருகிறது.

குருத்துப்பூச்சி. பத்தில் ஒரு தூர் அப்படியானால் மருந்து தேவை. அடுத்த போகத்தில் நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அந்துப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் அங்கேதான். வயலுக்கு வரவேண்டிய புழு வரப்பிலேயே நின்றுவிடும்.

வாசகர், தஞ்சாவூர்: மருந்தடிக்க நல்ல நாள் எது?

எண்ணிக்கை எல்லையைத் தாண்டியதற்கு மறுநாள். வாரம் ஒரு காலை வயலுக்குள் இறங்கி, கண்டதை நோட்டில் எழுதிவையுங்கள். பல வாரங்களில் அந்த 'மறுநாள்' வரவே வராது. மிஞ்சுவது உங்கள் காசு, உங்கள் மண், உங்கள் மூச்சு.