கரையில் வைத்த பை: ஒரு சூத்திரமும் அதன் உரையும்

தனியே சென்றோன் உடைமைக் கெல்லாம்
அருகிருந் தோர்கண் அரணென மொழிப.

என்பது சூத்திரம். 'மொழிப' என்றதனால் முன்னோர் பலர் மொழிந்தார்கள் போலும் என்று கருதற்க. இயற்றியவரும் உரைகாரரும் ஒருவரே. வேறு யாரும் முன்வரவில்லை.

இதன் பொருள்: துணையின்றிக் கடலாடப் போனவன் கரையில் விட்டுச்செல்லும் பைக்குப் பூட்டும் காவலன்று, மணற்குழியும் காவலன்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணே காவல் என்றவாறு.

கடல் பலவாயினும் ஈண்டுக் களமாகக் கொண்டது திருச்செந்தூர். என்னை? மெரினாவில் குளிக்கத் தடை. அங்கே போகிறவன் செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால்வரை நனைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். செந்தூரில் அந்தச் சலுகை இல்லை. கடலில் முழுக்குப் போட வேண்டும், அங்கிருந்து நாழிக்கிணறு, அப்புறம்தான் சாமி. செல்போனைச் சந்நிதிக்குள் கொண்டுபோகவும் முடியாது. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் சொன்னதே இந்தக் கோயில் தொடர்பான வழக்கில்தான். கோயில் வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். அலை ஓரத்தில் யார் தருவார்?

அற்றேல், லாட்ஜில் வைத்துவிட்டு வரலாமே எனின், லாட்ஜ் சாவியை எங்கே வைப்பது என்க. அதுவுமன்றி, தனியாக வருகிறவர்களில் பலர் ராத்திரி பஸ்ஸில் வந்து, தரிசனம் முடித்து, மதிய பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு லாட்ஜும் அந்தப் பைதான்.

இனி, காவல் அல்லாதன கூறுவாம். முதலாவது செருப்பு. செல்போனையும் பர்ஸையும் செருப்புக்குள் திணித்து, மேலே சட்டையை மடித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல நடந்து போவது நம்மிடையே பரவலான முறை. இதன் குற்றம் யாதெனின், திருட வருகிறவனும் ஒரு காலத்தில் இப்படி வைத்துவிட்டுக் குளித்தவன்தான். அடுத்தது மணலில் புதைப்பது. புதைத்த இடத்துக்கு அடையாளமாக ஒரு சிப்பி வைப்பார்கள். கடற்கரையில் சிப்பியை அடையாளம் வைத்தவனைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மூன்றாவது, தண்ணீர் புகாத செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டே இறங்குவது. ஐபி67 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற கணக்கு. அது நல்ல தண்ணீரில் பார்த்தது. உப்புத் தண்ணீருக்கு அந்தப் பெட்டி பொறுப்பேற்காது.

முன்னோர் இந்த விஷயத்தில் நம்மினும் தெளிந்தவர்கள். அரைஞாண் கயிற்றில் பெட்டிச் சாவியைக் கோத்துக்கொண்டு முங்கினார்கள். கயிறு அறுந்தாலன்றிச் சாவி போகாது. பட்டாபட்டி டவுசரில் பை வைத்துத் தைத்தவர் இருக்கிறாரே, அவர் நோக்கம் நமக்கு இப்போதுதான் விளங்குகிறது. வேட்டியைக் கரையில் எவன் தூக்கிக்கொண்டு போனாலும் ஊர் திரும்பப் பணம் உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த டவுசரை ஏளனம் செய்து ஒழித்த தலைமுறை, இன்று அதே வேலைக்கு ஜிப் வைத்த இடுப்புப் பட்டை வாங்குகிறது.

சூத்திரத்துக்குச் சான்று உண்டோ எனின், உண்டு. ஆனால் கடல் வேறு. 1975-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தாமஸ் மோரியார்ட்டி என்ற அமெரிக்க உளவியலாளர் நியூயார்க் கடற்கரையில் ஒரு நாடகம் நடத்தினார். அவருடைய ஆள் ஒருவர் யாராவது ஒருவருக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டு ரேடியோ கேட்பார். பிறகு ரேடியோவை விட்டுவிட்டு எழுந்து போவார். சற்று நேரத்தில் 'திருடன்' வந்து ரேடியோவை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனபோது 20 பேரில் 4 பேர்தான் திருடனைத் தடுத்தார்கள். "கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனபோது 20 பேரில் 19 பேர் எழுந்தார்கள். அதே மணல், அதே ரேடியோ. எஞ்சிய அந்த ஒருவர் என்ன செய்தார் என்பது ஆராய்தற்குரியது. தூங்கியிருப்பார் என்பது உரைகாரர் துணிபு.

யாரைக் கேட்பது என்பதே இந்நூலின் உயிர்நிலை. செல்பி எடுக்கும் இளைஞர் கூட்டம் ஆகாது. அடுத்த நிமிடம் மொத்தமாகக் கடலுக்குள் இருப்பார்கள். தன்னைப்போலவே தனியாக வந்தவன் ஆவான், ஆனால் "நீங்க முதல்ல போயிட்டு வாங்க", "பரவால்ல சார், நீங்க போங்க" என்ற உபசாரத்தில் வெயில் ஏறிவிடும். தலையாய காவலர், குடும்பம் முழுவதும் நீரில் இறங்கியிருக்க, மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆச்சி. அவர் ஏற்கெனவே ஏழு பைக்குக் காவல். எட்டாவது பாரமாகாது.

"ஆச்சி, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஒரு முங்கு போட்டுட்டு வந்திருதேன்."

"ஒத்தையிலயா வந்த?"

"ஆமா ஆச்சி."

"வீட்ல கூட்டிட்டு வரலியா?"

"அவளுக்கு லீவு இல்ல."

"ம். ஆழத்துக்குப் போயிராத. போ."

இதற்குள் பையின் வார் ஆச்சியின் முழங்காலுக்கு அடியில் போய்விட்டது. இனி அதை எடுக்க நினைப்பவன் முதலில் ஆச்சியை எழுப்பியாக வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆச்சி அந்த அளவைக் கடந்தவர். தம் பையை முதுகுக்குப் பின்னால் விட்டவர், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையை முழங்காலில் அமுக்கியிருக்கிறார்.

அங்ஙனமாயின், கேட்கப்பட்டவரே கள்வராக இருந்தால் என் செய்வது எனின், கூறுதும். கள்வன் இரை தேடித் தானே வருவான். "நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்று கேளாமலே வந்து நிற்பவனுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டும். கூட்டத்தில் நாமாகப் பொறுக்கி எடுத்த ஆள் கள்வனாக அமைவது அரிது. பெண்டிர்க்கும் இதுவே விதி. மாற்றுத்துணியும் அந்தப் பைக்குள்ளேயே இருப்பதால், பை போனால் அவர்களுக்கு நட்டம் இருமடங்கு. ஆதலின் ஆச்சியையன்றிப் பிறரை நாடற்க.

காணாமல் போனது எல்லாம் களவு போனதும் அன்று. கரையோர நீரோட்டம் என்று ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையின் மணலை அது வடக்கே தள்ளும். சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. மணலைத் தள்ளுகிற நீர் மனிதனை விட்டுவைக்குமா? கால் மணி நேரம் துள்ளிவிட்டு நேரே கரையேறினேன் என்று நினைக்கிறவன் வேறொரு குடும்பத்தின் முன்னால் சொட்டச் சொட்ட நிற்பான். அங்கே ஆச்சியும் இல்லை, பையும் இல்லை. "திருட்டு" என்று அவன் கூவும்போது பை ஐம்பதடி தள்ளி முழங்காலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். இறங்குமுன் அடையாளம் பார்த்துக்கொள்க. ஐஸ் வண்டியை அடையாளம் வைத்தவர்கள் உண்டு. வண்டி வியாபாரம் தேடிப் போய்விடும். ஒன்பது நிலைக் கோபுரம் எங்கும் போகாது.

பௌர்ணமி, அமாவாசைக்குத் தனிக்குறிப்பு: சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்நாட்களில் கடல் மிகுதியாக ஏறும். பக்தர்களும் அந்நாட்களில்தான் மிகுதியாக வருகிறார்கள். மக்கள் முன்னேறி நெருங்க, அலையும் முன்னேறி நெருங்க, பை இரண்டுக்கும் நடுவில் அகப்படும். நனைந்த மணலின் கோட்டுக்கு நன்றாக மேலே வைப்பதே முறை. அலை ஆச்சி என்றும் பாராது.

எஞ்சியது கைம்மாறு. முங்கிவிட்டு வந்தவன் பையை எடுக்கக் குனிகிறான். ஆச்சியின் மகன், மருமகள், பேரன் பேத்தி எல்லாரும் அதே நேரம் கரையேறுகிறார்கள். "தம்பி, நாங்க நாழிக்கிணத்துக்குப் போயிட்டு வந்திருதோம். இதெல்லாம் கொஞ்சம் பாத்துக்கிடு." மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழாது. பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்திய காவலர், கூலி வரும்வரை அப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவு பேசுகிறது. ஆச்சி அந்தப் பிரிவைப் படித்தவர் அல்லர். ஆனால் போகும்போது ஏழு மூட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுத்தான் போனார்; அவன் பை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.